அமெரிக்க அதிபர் காங்கிரஸின் ஒப்புதல் இல்லாமல் புதிய அரசுப் பதவிகளை உருவாக்க முடியுமா?

சட்டத்தின் பெயரால் பிறரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கொண்ட ஒரு பதவியை அமெரிக்க அதிபர், அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் சட்டம் இல்லாமல், தாமாகவே உருவாக்க முடியாது. தமக்கு ஆலோசனை சொல்லவும், தம் பணிகளை ஒருங்கிணைக்கவும் ஒருவரை அமர்த்தி, அவருக்கு விரும்பிய பட்டத்தைச் சூட்டிக்கொள்ள முடியும். கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு ஏட்டில் தெரியும் அளவுக்கு நடைமுறையில் தெரிவதில்லை என்பதால், நான் படித்துப் புரிந்துகொண்டதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1776-ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தில் இங்கிலாந்து மன்னர் மீது அடுக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று, அவர் ஏராளமான புதிய பதவிகளை ஏற்படுத்தி, மக்களைத் துன்புறுத்தவும் அவர்கள் உடைமையைத் தின்று தீர்க்கவும் அதிகாரிகளைக் கூட்டம் கூட்டமாக அனுப்பினார் என்பது. இந்த வரியைப் படித்த பிறகுதான், 1787-இல் எழுதப்பட்ட அரசியல் சாசனத்தின் நியமன விதி ஏன் அப்படி அமைந்தது என்பது எனக்கு விளங்கியது. மன்னர் பதவியையும் உண்டாக்கலாம், அதில் தமக்கு வேண்டியவரையும் அமர்த்தலாம் என்ற நிலையை அனுபவித்தவர்கள், அந்த இரண்டு அதிகாரங்களையும் ஒரே கையில் கொடுக்கத் துணியவில்லை. இரண்டாம் பிரிவின் இரண்டாம் பகுதி, தூதர்களையும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் குறிப்பிட்ட பின், 'சட்டத்தால் நிறுவப்படும்' ஏனைய பதவிகளுக்குரிய அதிகாரிகளையும் அதிபர் முன்மொழிந்து, காங்கிரஸின் மேலவையான செனட்டின் இசைவுடன் நியமிப்பார் என்கிறது. அதாவது நாற்காலியைச் செய்வது காங்கிரஸின் வேலை. அதில் உட்காருபவரைத் தேர்ந்தெடுப்பது அதிபரின் வேலை. கீழ்நிலை அதிகாரிகளைச் செனட்டுக்குப் போகாமல் அதிபரோ துறைத் தலைவர்களோ நேரடியாக நியமிக்கலாம் என்று காங்கிரஸ் விலக்கு அளிக்கலாம். அதற்கும் ஒரு சட்டம் வேண்டும். 1789-இல் கூடிய முதல் காங்கிரஸ், வெளியுறவு, போர், கருவூலம் ஆகிய மூன்று துறைகளையும் தனித்தனிச் சட்டங்களால்தான் நிறுவியது.

அப்படியானால் யார் 'அதிகாரி'? பட்டத்தையோ சம்பளத்தையோ வைத்து இதைத் தீர்மானிப்பதில்லை. அமெரிக்கச் சட்டங்களின் கீழ் கணிசமான அதிகாரத்தைச் செலுத்தும் எவரும் அதிகாரியே, அவர் நியமன விதியின்படிதான் பதவிக்கு வர வேண்டும் என்று 1976-இல் பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2018-இல் லூசியா வழக்கில், பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையத்தின் நிர்வாகச் சட்ட நீதிபதிகள் வெறும் ஊழியர்கள் அல்லர், அதிகாரிகளே என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் புளோரிடாவின் கூட்டாட்சி நீதிபதி எய்லீன் கேனன், சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித்தின் பதவிக்குச் சட்டத்தின் அடிப்படை இல்லை என்று சொல்லி, டொனால்ட் டிரம்ப் மீதான ரகசிய ஆவணங்கள் வழக்கையே தள்ளுபடி செய்தார். முந்தைய நீதிமன்றங்கள் இத்தகைய நியமனங்களை ஏற்றுக்கொண்டிருந்ததால், அந்தத் தீர்ப்பு சட்ட வல்லுநர்களிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

இப்போது கோட்டின் மறுபக்கத்துக்கு வருகிறேன். தனியொரு மனிதரால் இவ்வளவு பெரிய நிர்வாகத்தை நடத்த முடியாது, அதிபருக்கு உதவி தேவை என்று நிர்வாகச் சீரமைப்பை ஆராய்ந்த பிரவுன்லோ குழு 1937-இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டிடம் சொன்னது. அதன் பயனாக 1939-இல் காங்கிரஸ் இயற்றிய மறுசீரமைப்புச் சட்டத்தைக் கொண்டு அதிபரின் நிர்வாக அலுவலகம் உருவாயிற்று. 1978-ஆம் ஆண்டின் சட்டம் வெள்ளை மாளிகையின் உயர்சம்பள உதவியாளர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. ஆனால் அவர்களை எந்தப் பெயரில், எந்த வேலைக்கு வைத்துக்கொள்வது என்பதை அதிபரிடமே விட்டுவிட்டது. ஆகவே எரிசக்திக்கு ஒருவர், நகர்ப்புற விவகாரங்களுக்கு ஒருவர் என்று அதிபர் நியமித்துக்கொண்டே போகலாம். பத்திரிகைகள் இவர்களை, ரஷ்யப் பேரரசர்களின் பட்டமான 'ஜார்' என்ற பெயரால் அழைக்கின்றன. தேசிய பாதுகாப்புக் குழு 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. உலகமே உற்றுநோக்கும் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் பதவியோ அந்தச் சட்டத்தில் இல்லை. 1953-இல் ஐசன்ஹோவர் தம் வசதிக்காக ஏற்படுத்திக்கொண்ட அந்தப் பொறுப்பில் இருந்தபடிதான் ஹென்றி கிஸ்ஸிங்கர், செனட்டின் இசைவு பெற்ற வெளியுறவு அமைச்சராக வேறொருவர் இருக்கும்போதே, வெளியுறவுக் கொள்கையைத் தம் கைக்குள் வைத்திருந்தார்.

என் கவலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. செனட்டின் இசைவு என்பது வெறும் சடங்கன்று. அந்த வழியாக வந்தவரைக் காங்கிரஸ் கூப்பிட்டால் அவர் வந்து பதில் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வருகிறது. இதற்கு டாம் ரிட்ஜின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அக்டோபர் 8 அன்று ஜார்ஜ் புஷ் ஒரு நிர்வாக ஆணையால் உள்நாட்டுப் பாதுகாப்பு அலுவலகத்தை அமைத்து, ரிட்ஜை அதற்குத் தலைவராக்கினார். 2002-இல் செனட் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவர் ராபர்ட் பைர்டும் அதிபர் புஷ்ஷின் கட்சியைச் சேர்ந்த டெட் ஸ்டீவன்ஸும் சேர்ந்து, பல ஆயிரம் கோடி டாலர் செலவாகும் திட்டத்தைப் பற்றிச் சாட்சியம் அளிக்க அவரை அழைத்தபோது, அவர் அதிபரின் ஆலோசகர் மட்டுமே, முறையாகச் சாட்சியம் அளிக்கத் தேவையில்லை என்று வெள்ளை மாளிகை மறுத்துவிட்டது. நாட்டின் பாதுகாப்பை ஒருங்கிணைக்கும் மனிதர், அதற்குப் பணம் தரும் மன்றத்தின் முன் வர மாட்டார் என்ற அந்த நிலை, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஏற்கத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை. அதே ஆண்டு நவம்பரில் காங்கிரஸ் சட்டம் இயற்றி, 22 அமைப்புகளை இணைத்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை நிறுவிய பிறகு, 2003 ஜனவரியில் செனட் ரிட்ஜை அதன் அமைச்சராக ஏற்றது. மனிதர் அவரேதான். முதல் பதவியில் அவர் அதிபருக்கு மட்டும் பதில் சொன்னார். இரண்டாவதில் காங்கிரஸுக்கும் பதில் சொன்னார்.

காங்கிரஸின் கையில் உள்ள பெரிய கடிவாளம் பணம். சட்டத்தால் ஒதுக்கப்படாத ஒரு காசும் கருவூலத்திலிருந்து வெளியேறக் கூடாது என்கிறது அரசியல் சாசனம். நிர்வாக ஆணையால் உருவான ஓர் அமைப்பு ஓராண்டுக்கு மேல் இயங்கினால், அதற்கென்று காங்கிரஸ் தனியே நிதி ஒதுக்கியிருக்க வேண்டும் என்ற விதி 1944-இல் வந்தது. கொண்டுவந்தவர் ஜார்ஜியா மாநில செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல். ஒரு நேர்மையான பதிலில் இதன் பின்னணியை மறைக்கக் கூடாது. போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் கறுப்பின மக்களுக்கு வேலை மறுக்கப்படுவதைத் தடுக்க 1941-இல் ரூஸ்வெல்ட் ஆணையால் அமைத்த நியாயமான வேலைவாய்ப்புக் குழுவை ஒழிப்பதே, இனப் பிரிவினையை ஆதரித்த ரஸ்ஸலின் நோக்கம். அந்தக் குழு 1946-இல் மறைந்தது. விதியின் தர்க்கத்தை நான் ஏற்கிறேன். அது பிறந்த காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆணையால் எழுந்த நல்ல அமைப்பு எவ்வளவு எளிதில் வீழ்கிறது என்பதையும் அது காட்டுகிறது. ஜான் கென்னடி 1961 மார்ச் 1 அன்று ஆணையால் தொடங்கிய, அமெரிக்கத் தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்குச் சேவை செய்ய அனுப்பும் அமைதிப் படைக்கு (பீஸ் கோர்) அதே ஆண்டு செப்டம்பரில் காங்கிரஸ் சட்ட வடிவம் தந்தது. அது இன்றும் நிலைத்திருக்கிறது.

பணக் கடிவாளமும் எப்போதும் இழுத்த இழுப்புக்கு வருவதில்லை. 2009 பிப்ரவரியில் பராக் ஒபாமா பதவியேற்ற சில வாரங்களிலேயே, அவர் கட்சிக்காரரான அதே பைர்ட், வெள்ளை மாளிகை உதவியாளர்களின் கையில் அதிகாரம் குவிவதைக் கண்டித்து அவருக்குக் கடிதம் எழுதினார். புஷ்ஷிடம் கேட்டதைத் தம் கட்சி அதிபரிடமும் கேட்ட அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். 2011-இல் காங்கிரஸ் அத்தகைய நான்கு பொறுப்புகளுக்குச் சம்பளம் தரத் தடை விதித்தது. ஒபாமா அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டபோதே, தம் ஆலோசகர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தில் காங்கிரஸ் தலையிட முடியாது என்று அறிக்கை வெளியிட்டார்.

2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் செய்தது வேறு வகை. புதிய அமைப்பை வெறும் தரையில் கட்டாமல், 2014-இல் ஒபாமா காலத்தில் உருவான டிஜிட்டல் சேவைப் பிரிவின் பெயரை மாற்றி, அரசுச் செயல்திறனுக்கான 'டோஜ்' ஆக்கினார். அதனுள் ஒரு தற்காலிக அமைப்பையும், அதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்த இடத்தைப் பயன்படுத்தி, ஏற்படுத்தினார். எலான் மஸ்க் அதை வழிநடத்துவதாக உலகம் நம்பிக்கொண்டிருக்க, அவர் அதிபரின் மூத்த ஆலோசகர் மட்டுமே, அரசு முடிவுகளை எடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று பிப்ரவரியில் வெள்ளை மாளிகை நீதிமன்றத்தில் தெரிவித்தது. வெளிநாடுகளுக்கு உதவி வழங்கும் யுஎஸ்எய்ட் அமைப்பை முடக்கியதில் அவர் நடந்துகொண்ட விதம் நியமன விதியை மீறியிருக்கக்கூடும் என்று மார்ச்சில் மேரிலாந்து நீதிபதி தியோடர் சுவாங் கருதி இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். சில நாட்களிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

எனவே, 'அதிபர் புதிய பதவியை உருவாக்கிவிட்டார்' என்ற செய்தியைப் படிக்கும்போது நான் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை. அந்த நபர் சொன்னால் ஒரு துறை கீழ்ப்படிகிறதா, அப்படிக் கீழ்ப்படிந்தால் எந்தச் சட்டத்தின் பேரில் என்றுதான் தேடுகிறேன். ரிட்ஜை அழைத்தபோது பைர்ட் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.