சைட்டோகைன் உடம்பில் இல்லாமலே இருந்தால் நுரையீரலுக்கு நல்லதுதானே?

இதே கேள்வியை 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், என் மாமா கேட்டார். நான் அப்போது புதுச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். போனை எடுத்தாலே “ஐஎல் சிக்ஸ் எவ்வளவு சார்?” என்பார்கள். இன்டர்லூக்கின்-6, அதுவும் ஒரு சைட்டோகைன்தான். மாமா கடலூர் முதுநகரிலிருந்து, “மாப்ள, அந்தக் கருமம் ரத்தத்துல இல்லாமப் பண்ண ஊசி இருக்கா?” என்றார்.

சைட்டோகைன் கருமம் இல்லை. செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல அனுப்பும் சின்னப் புரதம். 2004 சுனாமியன்று சிங்கப்பூரிலிருந்து வந்த போனை நம்பி புதுச்சேரிக் கடலோர நல்லவாடு கிராமத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்களே, அந்த மாதிரி. நுரையீரலில் மைக் பிடித்திருப்பது காற்றுப்பைக்குள்ளேயே குடியிருந்து கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல். கிருமி தட்டுப்பட்டதும் டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-6 என்று சைட்டோகைன்களை விடும். ஐஎல்-8 என்ற இன்னொரு சைட்டோகைன், கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களைக் கூப்பிடும். அவை ரத்தத்திலிருந்து வெளியே வரவேண்டுமே, அதற்காக ரத்தக்குழாய்ச் சுவர் இளகிக் கொடுக்கும்.

வம்பே அங்கேதான். செல் நுழையும் சந்தில் நீரும் கசியும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் தடிமன் ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்காது. காற்றுப்பையில் நீர் தேங்கினால் ஆக்சிஜன் எப்படி ரத்தத்தில் ஏறும்? “போதும், கலையுங்கள்” என்று சொல்ல ஐஎல்-10 உண்டு. அதையும் மீறி உடம்பு முழுக்க மைக் கத்திக்கொண்டே இருந்தால் அதுதான் சைட்டோகைன் புயல். (2011இல் ‘தானே’ என்ற புயலைப் பார்த்த எங்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.)

2020இல் பிரிட்டனின் ரெகவரி என்ற கொரோனா மருந்து ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை, இந்தக் கத்தலை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. முதல் நாள் காய்ச்சலுக்கே அதை வாங்கி விழுங்கியவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும். கிருமியோடு சண்டை போட ஆள் கூப்பிடும் நேரத்தில் மைக்கைப் பிடுங்குகிற வேலை அது.

மாமா கேட்ட மாதிரி ஊசியும் இருக்கிறது. முடக்குவாதத்துக்கு டிஎன்எஃபைத் தடுக்கும் ஊசி போடுகிறார்கள். ஆனால் அதற்கு முன் டிபி சோதனை கட்டாயம். நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி எழுப்பிய வேலி கலையாமல் நிற்க அந்த டிஎன்எஃப் வேண்டும். தடுத்தால் வேலி சரியும், கிருமி எழுந்துவிடும்.

மாமாவுக்கு ஐஎல்-6 அளவு 42 என்று வந்தது. எங்கள் கருவியில் 7 வரை சாதாரணம். அலறினார். “அதை விடுங்க மாமா, விரல்ல மாட்டுற மெஷின் என்ன காட்டுது?” என்றேன். ரத்தத்தில் ஆக்சிஜன் 97 சதவீதம், நல்ல அளவுதான். அப்புறம் டாக்டரிடம் பேசச் சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்தேன்.