காட்பாடிக்கு மட்டும் குப்பை எழுத்து வருவது ஏன்?

கேள்வி: வேலூர் பஸ் ஸ்டாண்ட் போர்டுக்கு சி-யில் நிரல் எழுதுகிறேன். ஸ்ட்ரக்டில் (பல தரவுகளைச் சேர்த்து வைக்கும் கட்டமைப்பு) 24 பைட் ஊர்ப்பெயர், அதை ஒட்டியே 2 பைட் நடைமேடை எண். பெயர் எத்தனை பைட் என்று சொல்லும் ஸ்ட்ர்லென் <= 24 என்றால் ஸ்ட்ர்காபியால் பெயரை நகலெடுத்து, அப்புறம் எண்ணைப் போடுகிறேன். வேலூர், ஆற்காடு சரியாக வருகின்றன. குடியாத்தம் நீளம் என்று மறுக்கிறது. காட்பாடி மட்டும் வாலில் ஒரு பெட்டியோடு வருகிறது.

பதில்: காட்பாடியை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு நாலு எழுத்து. கணினி எழுத்தை பைட்டாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் காலும் புள்ளியும் மேல்விலங்கும் தனித்தனிக் குறியீடு, ஆக எட்டு. தலைக்கு 3 பைட், மொத்தம் 24. பெயர் முடிந்தது என்று காட்டும் கடைசி நல் பைட்டை (மதிப்பு 0) ஸ்ட்ர்லென் சேர்க்காது. உங்கள் பஃபரில் (பெயருக்கான 24 பைட்) இடம் 0 முதல் 23 வரைதான். நல் போய் விழுவது 24-ல், அதாவது நடைமேடை எண்ணின் முதல் பைட்டில். அடுத்த வரியில் 7 என்று எழுதுகிறீர்கள், நல் அழிகிறது. பெயரை அச்சிடும் பிரிண்ட்எஃப் அந்த 7-ஐயும் எழுத்தென்று எடுத்துக்கொள்கிறது. லிட்டில் எண்டியன் (எண்ணின் சிறிய பைட் முதலில் வரும் முறை) என்பதால் அடுத்த பைட் 0, அங்கே நிற்கிறது. ஒரே பெட்டியோடு தப்பித்தது அதனால்தான். எண்ணை முதலில் எழுதியிருந்தால் பெயர் சுத்தமாக வந்து நடைமேடை 0 ஆகியிருக்கும். வேலூர் 18, ஆற்காடு 21. திருவலம் போட்டுப் பாருங்கள், அதுவும் 24. அதே பெட்டி வரும்.

<= இருக்கும் இடத்தில் < போடுங்கள், 24-க்குப் பதில் சைஸ்ஆஃப் (பெயர்ப் பகுதியின் பைட் அளவு). நகலெடுக்கும் பைட்டுக்கு வரம்பு வைக்கும் ஸ்ட்ரென்காபிக்கு மாறுவது வீண்: 24-ம் நிரம்பினால் அது நல் போடாது. அளவுக்கு மேல் வந்தால் வெட்டும் எஸ்என்பிரிண்ட்எஃப் நல் போடும், ஆனால் 23-ல் வெட்டும்போது 'டி'யின் மேல்விலங்குக்கு 2 பைட்தான் மிஞ்சும். போர்டில் உடைந்த எழுத்து. ஊர்ப்பெயரை வெட்டுவதே தப்பு. ராணிப்பேட்டைக்கே 37 பைட் வேண்டும், 64 வையுங்கள்.

நினைவகப் பிழை தேடும் அட்ரஸ் சானிடைசர் இதைப் பிடிக்கும் என்று நம்பாதீர்கள். ஒரே ஸ்ட்ரக்டுக்குள் பக்கத்து உறுப்பில் எழுதினால் அது கண்டுகொள்ளாது. ஜிசிசி கம்பைலரில் ஓ2-உடன் (நிரலை வேகமாக்கும் தேர்வு) ஃபோர்டிஃபை சோர்ஸ் 2 (எல்லை மீறலைச் சோதிக்கும் தேர்வு) வைத்தால் ஸ்ட்ர்காபியிலேயே நிரல் நின்றுவிடும். பிழை தேடும் கருவியான ஜிடிபியில் எண்ணுக்கு வாட்ச் (மதிப்பு மாறினால் நிரலை நிறுத்தும் காவல்) வைப்பதும் சரியே, ஆனால் ஸ்ட்ரக்டை முதலில் மெம்செட்டால் பைட்டுக்குப் பைட் 255 நிரப்புங்கள். ஏற்கெனவே 0 இருக்கும் இடத்தில் 0 விழுந்தால் வாட்ச் நிரலை நிறுத்தாது.