கேளுங்கோ, சொல்லுறன்: கேத்தலில கல்லு, பிள்ளையின்ர பல்லில கறை

இந்த முறை வந்த கடிதத்தில முக்காவாசி தண்ணியப் பற்றித்தான். மாரி விட்டு வெயில் பிடிச்சால் வன்னியில வேற என்ன கதை. நாலு கேள்வி எடுத்திருக்கிறன், முதலாவதுக்கு கொஞ்சம் நீட்டித்தான் எழுதியிருக்கிறன், குறை நினைக்காதேங்கோ.

கேள்வி (செட்டிகுளத்தில இருந்து ஒரு அம்மா): மூத்தவனுக்கு 9 வயசு. புதுசா முளைச்ச முன்பல்லு ரெண்டிலயும் வெள்ளைக் கோடும் மண்ணிறக் கறையும். ஒழுங்கா பல்லுத் தீட்டுறவன். வீட்டில குழாய்க் கிணத்துத் தண்ணி, கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறன். கேத்தலுக்குள்ள வெள்ளையா கல்லுப் படியுது. இது தண்ணியாலயோ? இன்னும் வடிவாக் கொதிக்க வச்சால் சரி வருமோ?

பதில்: அக்கா, முதல்ல பிள்ளையைப் பேசாதேங்கோ, தீட்டாமல் விட்டதால வந்த கறை மாதிரித் தெரியேல்ல. பல்லு டொக்டர் ஒருக்காப் பாத்துச் சொல்லட்டும், ஆனா ரெண்டு பல்லிலயும் ஒரே மாதிரிக் கோடு எண்டால் நான் புளோரைட்டைத்தான் சந்தேகப்படுவன். உங்கட பக்கம் மண்ணுக்கு அடியில கிடக்கிறது பழைய பாறை, அந்தப் பாறைக்குள்ளயே புளோரைட் உள்ள கனிமம் இருக்கு, தண்ணி வருசக்கணக்கா அதுக்குள்ள தங்கித் தங்கி கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு எடுத்துக்கொண்டு வருது. ஆரும் கொண்டுவந்து கொட்டினதில்ல. பல்லு முரசுக்குள்ள உருவாகிற வயசில, கிட்டத்தட்ட 8 வயசு வரைக்கும், அது அளவுக்கு மிஞ்சி உள்ள போனால் எனாமல் பழுதாகும். அப்ப மூத்தவன்ர பல்லில இப்ப தெரியிறது அவன் ரெண்டு மூண்டு வயசில குடிச்ச தண்ணியின்ர கணக்கு. அதை இனித் தண்ணி மாத்தி அழிக்கேலாது. வீட்டில சின்னனுகள் இருந்தால் அவசரம் அவையளுக்குத்தான்.

கொதிக்க வைக்கிறது கிருமிக்கு, விடாமல் செய்யுங்கோ. புளோரைட் ஆவியாப் போகாது, தண்ணி வத்த வத்த அது செறியும். அந்தக் கேத்தல் கல்லு வேற சாமான், சுண்ணாம்பு, தண்ணி வன்மையா (கல்சியம் மாதிரி உப்புக் கூடி) இருக்கிறதால படியிறது. என்ர மாமியும் "கல்லெல்லாம் கேத்தலோட ஒட்டிப்போச்சு, இனித் தண்ணி சுத்தம்" எண்டுதான் சொல்லுவா, மனுசிக்கு விளங்கப்படுத்தேலாமல் நானே கையைத் தூக்கிப் போட்டன்.

செய்ய வேண்டியது, சோதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரைக்கும் பரவாயில்ல எண்டுது, எங்கட இலங்கையின்ர குடிதண்ணித் தரம், எஸ்.எல்.எஸ். 614, 1 மில்லிகிராமோட நிக்குது, இந்த வெக்கையில நாங்கள் குடிக்கிற அளவுக்கு அதுதான் சரி. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின்ர ஆய்வுகூடத்தில குடுக்கலாம், உங்கட பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிட்டக் கேட்டால் வழி சொல்லுவார். மோட்டரை அஞ்சு நிமிசம் ஓட விட்டுப்போட்டு பிளாஸ்டிக் போத்தலை அதே தண்ணியால மூண்டு தரம் அலசி எடுங்கோ. கண்ணாடிப் போத்தல் வேண்டாம், புளோரைட் கண்ணாடியோட சேட்டை விடும். கூட எண்டு வந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. (கரைஞ்ச உப்பையும் வடிக்கிற மெசின்) தண்ணியோ மழைத் தண்ணியோ பாவியுங்கோ (முதல் மழையை கூரை கழுவ விட்டுட்டு பிறகு தாங்கிக்கு விடுங்கோ). சமைக்கவும் எண்டு சொன்னது சும்மா இல்ல, சோறு தண்ணியைக் குடிச்சுத்தானே வேகுது. தேயிலையிலயும் புளோரைட் இருக்கு, பிள்ளையளுக்குப் பிளேன்ரீயைக் குறையுங்கோ. குளிக்க, உடுப்புத் தோய்க்க பழைய தண்ணியே போதும்.

கேள்வி (விசுவமடு, விவசாயி): கிணத்துக்குப் பக்கத்திலதான் மிளகாயும் வெங்காயமும். மருந்து டாங்கி கழுவுறதும் கிணத்தடியிலதான். தண்ணி கண்ணாடி மாதிரி, ருசியும் நல்லம். மகளின்ர பிள்ளைக்கு 3 மாசம், மாப்பால் இந்தத் தண்ணியிலதான் கரைக்கிறம். பயப்பிடோணுமோ?

பதில்: ஐயா, ரிப்போட் வரும் வரைக்கும் பிள்ளைக்கு வேற தண்ணி எடுங்கோ, இண்டைக்கே. யூரியாவில 46 வீதம் நைதரசன், பயிர் எடுக்காமல் விட்டது மழையோட இறங்கி நைத்திரேற்றா கிணத்துக்கு வரும், நிறமும் இல்ல மணமும் இல்ல, அதுதான் உங்கட கண்ணாடித் தண்ணி. எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதுக்கு மேல போனால் 6 மாசத்துக்கு உட்பட்ட, மாப்பால் குடிக்கிற பிள்ளையளுக்கு இரத்தத்தில ஒட்சிசன் ஏறுறது குறையும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்பிடிக் கண்டால் யோசிச்சுக்கொண்டு நிக்காமல் ஆஸ்பத்திரி. இதையும் கொதிக்க வச்சுத் தீர்க்கேலாது. மலசலகூடக் குழியில இருந்தும் இதே நைத்திரேற்றுத்தான் வரும், கிணறு 50 அடியாவது தள்ளி இருக்கோணும்.

மருந்து டாங்கி கதைக்கு வாறன். ஓஸ் நுனியை மருந்துக்குள்ள முக்கி வச்சு நிரப்பேக்க கரண்ட் நிண்டால் டாங்கித் தண்ணி வந்த வழியே கிணத்துக்குத் திரும்பி இழுபடும். ஒரு சாண் மேல பிடிச்சு நிரப்புங்கோ. கழுவுறது வயலுக்க. வெறும் மருந்துப் போத்தலை மூண்டு தரம் அலசி அந்தத் தண்ணியையும் டாங்கிக்கே ஊத்தி அடியுங்கோ, பிறகு போத்தலைக் குத்தி ஓட்டையாக்கி விடுங்கோ, இல்லாட்டி ஆரும் மண்ணெண்ணெய் வாங்கக் கொண்டு போவினம்.

கேள்வி (நெடுங்கேணி, வாசகர்): பில்டர் விக்க வந்த தம்பி எங்கட தண்ணியில ஒரு கம்பிச் சாமானை வச்சு கரண்ட் குடுத்தார், ரெண்டு நிமிசத்தில கறுப்பும் மஞ்சளுமா சேறு. தன்ர பில்டர் தண்ணியில ஒண்டும் வரேல்ல. இதைக் குடிச்சால் கிட்னி போயிடும் எண்டார். உண்மையோ?

பதில்: போன வருசம் எங்கட முத்தத்திலயும் இந்தக் கூத்து நடந்தது. அந்தக் கம்பியில ஒண்டு இரும்பு. உப்புள்ள தண்ணியில கரண்ட் ஓடும், ஓடினால் இரும்பு கரைஞ்சு துருவாகும், நீங்கள் கண்ட சேறு கம்பியின்ர துரு. பில்டர் தண்ணியில உப்பு இல்லாததால கரண்ட் ஓடேல்ல, அவ்வளவுதான். நான் குசினியால ஒரு கிள்ளு உப்புக் கொண்டந்து அவர்ட கிளாசில போட்டு "இப்ப வையுங்கோ தம்பி" எண்டன், அதுவும் மஞ்சளாப்போச்சு, ஆள் மோட்டச்சைக்கிளை ஸ்ராட் பண்ணிட்டார். ரீ.டி.எஸ். மீற்றரும் அப்பிடித்தான், கரைஞ்சிருக்கிறது மொத்தம் எவ்வளவு எண்டு காட்டுமே தவிர என்னது எண்டு காட்டாது. ஆர்.ஓ. மெசின் கூடாது எண்டு சொல்லேல்ல, புளோரைட் கூடின இடத்தில அது தேவை, ஆனா உங்கட கிணத்து ரிப்போட்டைப் பாத்துப்போட்டு வாங்குங்கோ.

கிட்னி வருத்தம் பகிடி இல்ல. 90களில வடமத்திய மாகாணத்தில கவனிக்கத் தொடங்கினது, வவுனியாப் பக்கமும் நோயாளியள் இருக்கினம். புளோரைட்டும் வன்மையும் சேர்ந்தது, விவசாய மருந்து, வெயிலுக்க தண்ணி குடிக்காமல் வேலை செய்யிறது எண்டு கனக்கச் சந்தேகம் இருக்கு, இதுதான் எண்டு ஒண்டையும் நிறுவேல்ல. வயல் வேலை செய்யிற ஆளெண்டால் ஆஸ்பத்திரியில கிரியேற்றினின் (கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற இரத்தச் சோதனை) ஒருக்காப் பாருங்கோ.

கேள்வி (மல்லாவி): அம்மம்மா தேத்தாங்கொட்டை உரைச்சுப் போட்டுத்தான் தண்ணி தெளிய வைப்பா. அது போதாதோ?

பதில்: கலங்கலுக்கு நல்ல கெட்டித்தனம், மண்ணை இழுத்துக்கொண்டு அடியில இருக்கும். கரைஞ்சு போனதில ஒண்டும் செய்யாது. குளத்துத் தண்ணிக்கு எண்டால் உரைச்சுத் தெளிய வச்சு பிறகு கொதிக்க வையுங்கோ, அம்மம்மாவும் அப்பிடித்தான் செய்திருப்பா.