விரலில் 98 காட்டுகிறது, அம்மா ஏன் தூங்கிக்கொண்டே இருக்கிறார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. பீடி, சுருட்டு தொட்டதில்லை. நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைக்கச் சொன்னார்கள். 2 லிட்டரில் வைத்தால் விரலில் 90தான் காட்டுகிறது. பயந்துபோய் 5 லிட்டருக்குக் கூட்டினோம், 98 வந்தது. ஆனால் இரண்டு நாளாகப் பகலெல்லாம் தூங்குகிறார், காலையில் தலைவலி என்கிறார். வயதானதால் வரும் அசதியா?
- வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: அம்மாவை இன்றே ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எழுப்பினால் உளறுகிறார், கை படபடவென்று ஆடுகிறது என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இது வயதின் அசதி மாதிரி தெரியவில்லை. ரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறது என்றுதான் சந்தேகப்படுகிறேன்.

மூச்சுக்கு இரண்டு வேலை: ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவது, கரியமில வாயுவை வெளியே தள்ளுவது. விரலில் மாட்டும் கருவி முதல் வேலையை மட்டுமே காட்டும். அம்மாவைப் போல நுரையீரல் பழுதானவர்களுக்கு, காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்த ஓட்டத்தை உடம்பே குறைத்து வைத்திருக்கும். அளவுக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் அந்த ஏற்பாடு கெட்டு, அங்கேயும் ரத்தம் பாயும். கரியமில வாயு வெளியேறாமல் ரத்தத்திலேயே சுற்றும். 98 காட்டிக்கொண்டே ஆள் மயக்கத்துக்குப் போவது இப்படித்தான்.

உங்கள் மேல் தவறில்லை. கொரோனா காலத்தில் 94-க்குக் கீழே போனால் ஆபத்து என்று கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அது மனதில் பதிந்துவிட்டது. அம்மாவைப் போன்றவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். நீங்கள் பயந்த அந்த 90 நல்ல எண்தான். அதற்காக இப்போது மெஷினை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், ஆக்சிஜன் சட்டென்று இறங்கிவிடும். மருத்துவர் சொன்ன 2 லிட்டருக்குத் திருப்பி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அங்கே மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கரியமில வாயு 45-ஐத் தாண்டி, ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 7.35-க்குக் கீழே இருந்தால் பைபேப் என்ற முகமூடி மெஷின் வைக்கச் சொல்வார்கள். 'மெஷின் வைத்தால் திரும்பி வரமாட்டார்' என்று சொந்தக்காரர்கள் தடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து சம்மதியுங்கள். தொண்டைக்குள் குழாய் விடுவது வேறு, இது வேறு. வெளியிலிருந்து மூச்சுக்குத் தோள் கொடுக்கும் கருவி இது. நேரத்தோடு வைத்தால் உயிரைக் காப்பாற்றும். 71 வயது இதற்குத் தடையே இல்லை.

வீடு திரும்பியதும், இரவுத் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் வேண்டியிருக்கும். கரண்ட் போனால் உதவ ஒரு சின்ன சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் இருக்கும் அறையில் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் கூடாது. விறகடுப்புப் பக்கம் அம்மா போகவே வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், அது மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

அப்புறம், ஒரு அட்டையில் 'சி.ஓ.பி.டி., ஆக்சிஜன் 88–92 போதும்' என்று எழுதி மெஷின்மேல் ஒட்டுங்கள். ஆம்புலன்சில் வருபவர்களிடமும் அதைக் காட்டுங்கள்.