லிவிங்ஸ்டன் ஊர்ப் பெயருக்கு உரிய கவர்னர்: மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்கு

நியூஜெர்சி லிவிங்ஸ்டனுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது, நாலாம் வகுப்பு மகளுக்கு நியூஜெர்சி மாநிலத்தின் முதல் கவர்னர் வில்லியம் லிவிங்ஸ்டன் பற்றி ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள், நம் ஊர் கவர்னர் மாதிரிதானே, எதை எழுத, எங்கே போய்ப் பார்க்க என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ராஜ்பவனை மறந்துவிடுங்கள். இந்தியாவில் கவர்னரை டெல்லி அனுப்புகிறது. இங்கே கவர்னர் என்றால் கிட்டத்தட்ட முதலமைச்சர். இன்று மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் லிவிங்ஸ்டன் காலத்தில் அப்படியும் இல்லை. பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: "மக்கள் வாக்களித்து முதல் கவர்னர் ஆனார்" என்று எழுதிவிடுவார்கள். 1776 ஜூலை 2ஆம் தேதி நிறைவேறிய நியூஜெர்சி அரசியல் சட்டப்படி, சட்டமன்றத்தின் இரு அவைகளும் கூடி, வருஷா வருஷம் கவர்னரைத் தேர்ந்தெடுக்கும். நேரடித் தேர்தல் வந்தது 1844 அரசியல் சட்டத்துக்குப் பிறகு.

அதற்கு முன் நியூஜெர்சி பிரிட்டிஷ் காலனி. பிரிட்டிஷ் ராஜா நியமித்த கடைசி கவர்னர் வில்லியம் ஃபிராங்க்ளின், பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மகன். 1776 ஜூனில் அவரைக் கைது செய்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் சட்டமன்றம் கூடியபோது லிவிங்ஸ்டனுக்கும் ரிச்சர்ட் ஸ்டாக்டனுக்கும் முதலில் சம வாக்குகள். மறுநாள், 31ஆம் தேதி, லிவிங்ஸ்டன் ஜெயித்தார். அதன்பின் 1790 ஜூலை 25இல் இறக்கும்வரை ஒரு வருஷம்கூட விடாமல் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். ப்ராஜெக்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. மசோதாவை நிராகரிக்கும் வீட்டோ அதிகாரமே அவருக்குக் கிடையாது. அமெரிக்க விடுதலைப் போர் நடக்கிறது, பிரிட்டிஷ் படை பக்கத்திலேயே நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கிறது, அவரைப் பிடிக்க ஆள் அலைகிறது. ஒரே வீட்டில் நிலையாகத் தங்க முடியாமல், ஊர் ஊராக மாறியபடி பாதுகாப்புக் கவுன்சிலுக்குத் தலைமை தாங்கினார். பிரிட்டிஷ் ராஜாவின் பக்கம் நின்றவர்களை விசாரித்தது அந்தக் கவுன்சில்தான். 1777 டிசம்பரில் அரசு உதவியோடு தொடங்கிய 'நியூஜெர்சி கெஜட்' இதழில் புனைபெயரில் எழுதி பிரிட்டிஷாரைச் சாடினார். சட்டம் கொடுத்த அதிகாரம் கொஞ்சம். அவராகச் சம்பாதித்த நம்பிக்கை பெரிது.

இன்னொரு குழப்பம் கையெழுத்தில் வரும். 1776 அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டிருக்கும் லிவிங்ஸ்டன் இவருடைய அண்ணன் பிலிப். காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் சபையில் நியூஜெர்சி பிரதிநிதியாக இருந்த வில்லியம், 1776 ஜூனில் புதுப் பிரதிநிதிகள் அனுப்பப்பட்டதால் அங்கே இல்லை; மிலிஷியா என்ற உள்ளூர் மக்கள் படையின் பிரிகேடியர் ஜெனரலாக நியூஜெர்சி எலிசபெத்டவுனில் இருந்தார். அவர் கையெழுத்துப் போட்டது 1787 அமெரிக்க அரசியல் சட்டத்தில். வாஷிங்டனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த ராபர்ட் ஆர். லிவிங்ஸ்டனோ வேறு ஆள், நியூயார்க் உறவினர்.

பிறப்பு ஆல்பனி, 1723. யேல் பட்டம் 1741. பிறகு நியூயார்க்கில் வக்கீல் தொழில். 1772இல் எலிசபெத்டவுனுக்கு மாறினார். மகள் சாரா மணந்தது, பின்னாளில் அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதியான ஜான் ஜேயை. இதெல்லாம் சுருக்கமாகப் போதும்.

அடிமை முறையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். படிப்படியாக ஒழிக்கலாம் என்று 1778லேயே சட்டமன்றத்தைக் கேட்டார்; இது அதற்கான நேரமில்லை என்றார்கள். அப்படிக் கேட்டவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். இருவரை 1787இல் விடுவித்தார். நியூஜெர்சியில் படிப்படியான ஒழிப்புச் சட்டம் வந்தது 1804இல்தான். இரண்டு பக்கத்தையும் குழந்தை எழுதட்டும். நாலாம் வகுப்புக்கு இது புரியாத விஷயம் இல்லை.

பார்க்க வேண்டிய இடம் யூனியன் என்ற ஊரில், மாரிஸ் அவென்யூவில், கீன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய லிபர்ட்டி ஹால், அதாவது லிவிங்ஸ்டனின் வீடு. உங்கள் வீட்டிலிருந்து காரில் சுமார் அரைமணி. எந்த நாள், எத்தனை மணிக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அட்டையில் மாடல் செய்வதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: இப்போது நிற்கும் வீட்டுக்கு ஏறக்குறைய 50 அறைகள், கோபுரம் எல்லாம் உண்டு. அவை பின்னால் வந்த கீன் குடும்பம் சேர்த்தவை. லிவிங்ஸ்டன் கட்டியது 14 அறைகள் கொண்ட இரண்டு மாடி வீடு. இன்றைய போட்டோவைப் பார்த்து அப்படியே வெட்டி ஒட்டாமல், அந்தப் பழைய பகுதி எதுவென்று அங்கேயே கேட்டு வரைந்துகொண்டு வாருங்கள்.