கப்பல் தளத்தில் பொருள் மேலாண்மை: அது வெறும் ஸ்டோர் வேலையா?

அன்புள்ள ஐயா,

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த உங்கள் மகளுக்கு வணிகக் கப்பல்கள் கட்டும் தளம் ஒன்றின் பொருள் மேலாண்மைப் பிரிவில் வேலை கிடைத்திருப்பதையும், "நாலு வருஷம் படித்துவிட்டு ஸ்டோரில் போய் உட்காருவதா?" என்று நீங்கள் மனம் வருந்துவதையும் உங்கள் கடிதத்தில் கண்டேன். வேண்டாம் என்று எழுதி அனுப்புவதற்கு முன், அங்கே நடப்பது என்ன என்பதைக் கேளுங்கள்.

12 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் எஃகுத் தகடு ஏறத்தாழ 2.8 டன் எடை இருக்கும். அதன்மேல் உள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதியிலிருந்து அது வந்தது என்று காட்டும் எண்) ஆலை தந்த சோதனைச் சான்றிதழோடு ஒத்துப்போகாவிட்டால், கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் போன்ற வகைப்பாட்டு நிறுவனத்தின் சர்வேயர் (ஆய்வாளர்) அதைக் கப்பலில் சேர்க்க ஒப்புக்கொள்ள மாட்டார். வெட்டியது போக மிஞ்சும் துண்டில் அந்த எண்ணை மறுபடி எழுதிவைக்கத் தவறினால், நல்ல எஃகு பழைய இரும்பு விலைக்குப் போய்விடும். எந்தத் தகட்டில் எந்தெந்த உறுப்புகளை எப்படி அடுக்கினால் கழிவு குறையும் என்று பார்க்கும் நெஸ்டிங் வேலைக்கு, வரைபடம் படிக்கத் தெரிந்தவர்தான் வேண்டும்.

இதைவிடக் கடினமானது நேரக் கணக்கு. கப்பலைப் பெரிய பிளாக்குகளாகத் தரையில் கட்டி, குழாய்களையும் வால்வுகளையும் அங்கேயே பொருத்திவிட்டுத்தான் கிரேனால் தூக்கி இணைக்கிறார்கள். ஒரு வால்வு உரிய நாளில் வராமல் பிளாக் ஏறிவிட்டால், பின்னர் இருட்டான, நெருக்கமான அறைக்குள் குனிந்து வெல்டிங் செய்து, கருகிய பெயின்டைச் சுரண்டி மீண்டும் பூச வேண்டியிருக்கும். பொருள் வெகு முன்னதாக வந்தாலும் நஷ்டம்தான். பணம் முடங்கும், இடம் அடைபடும், அடியில் கிடக்கும் தகட்டை எடுக்க மேலே உள்ள அத்தனையையும் நகர்த்த வேண்டிவரும். ஆகவே ஒவ்வொரு பிளாக்கிற்கும் வேண்டியவற்றைத் தனித்தனிப் பேலட்டுகளாக (ஒன்றாகத் தூக்கக்கூடிய சுமைத் தொகுப்புகளாக) சேர்த்து, வேலை தொடங்கும் நாளை ஒட்டி அனுப்புவதே இப்பிரிவின் உயிரான பணி. இதை நான் எழுத்தர் வேலையாகக் கருதவில்லை.

வெயிலும் இரைச்சலும் உண்டு என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். எக்செல், எஸ்.ஏ.பி. (நிறுவனங்கள் பொருள், கணக்கு விவரங்களைக் கையாளும் மென்பொருள்) இரண்டையும் உங்கள் மகள் இப்போதே பழகட்டும். பின்னாளில் மேற்படிப்பு வேண்டுமென்றால் சென்னை ஐ.ஐ.டி.யில் கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. சேரும் முன், முதல் ஆறு மாதத்தில் சில வாரங்களாவது தகடு வெட்டும் பட்டறையிலும் பிளாக் கட்டும் இடத்திலும் பயிற்சி தருவார்களா என்று மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்திலேயே பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.