லெட் செப்பெலின் 2: லேபிளை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம்

லெட் செப்பெலின் ராக் குழுவின் இந்த இசைத்தட்டை வாங்கப் போவதாகவும், விற்பவர் அட்டையையும் லேபிளையும் மட்டும் காட்டி, ஒலிப் பொறியாளர் ராபர்ட் லட்விக் 1969இல் வெட்டிய (மூலத் தட்டில் ஒலிப் பள்ளங்களைக் கீறிய) பதிப்பு என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். பொறுங்கள். 1841 பிராட்வே முகவரியுள்ள அதே அட்லாண்டிக் நிறுவன லேபிள் பின்னர் மறுபடி வெட்டிய தட்டுகளிலும் உண்டு.

லேபிளைச் சுற்றியுள்ள பள்ளமில்லாத வளையத்தை, சாய்ந்த வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லட்விக்கின் பெயரைக் குறிக்கும் ‘ஆர்எல்’ (RL) என்ற ஆங்கில எழுத்துகள் அங்கே கையால் கீறப்பட்டிருக்க வேண்டும். அவர் அவ்வளவு உரத்த ஒலியில் வெட்டியதால் மலிவான பிளேயர்களில் ஊசி குதித்தது. அதனால்தான் நிறுவனம் பாஸை (கனத்த, தாழ்ந்த ஒலியை)க் குறைத்து மறுபடி வெட்டியது. அந்த முழக்கத்துக்காகத்தான் இத்தனை விலை!

எழுத்து இருந்தாலும் முதல் பாடலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கனமான பழைய ஊசிகள் பள்ளங்களைத் தேய்த்திருந்தால் உரத்த இடங்களில் ஒலி கரகரக்கும். அப்படிப்பட்ட தட்டை நான் வாங்க மாட்டேன்.